செவியடைப்பும் வாயடைப்பும்: இணைய ஆட்டங்களிற் பேச்சுரிமை

கணினித் திரையிலே ஐவர் ஐவராக இரு அணிகள் பொருதும் ஆட்டங்கள் இக்காலத்திற் பெருவழக்காயுள்ளன. பதின்மரும் பத்து வீடுகளில், சிலவேளை பத்து ஊர்களில் இருந்து ஆடுவர். பெரும்பாலும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர். அரைமணி நேரம் ஒரு களத்தில் கூடியிருந்து, வென்றோ தோற்றோ பிரிந்து செல்வர். அவ்வரைமணி நேரத்துள் பகைவன் எப்பக்கம் வருகின்றான், எப்பொழுது பாய்வது, எப்பொழுது பின்வாங்குவது என்பனவற்றை எழுத்தாலோ குரலாலோ தம்முள் அறிவித்துக்கொண்டாலன்றி அணி வெல்லுதல் அரிது. ஆகவே பேச்சென்பது இவ்வாட்டங்களுக்குப் புறத்தே ஒட்டிய அணியன்று, ஆட்டத்தின் உறுப்பேயாகும். அவ்வுறுப்பின் வழியாகவே, தவறிழைத்த தோழனை இழித்துரைத்தலும், அவன் இனத்தையும் சமயத்தையும் பெற்றோரையும் பழித்தலும் நிகழ்கின்றன.

இத்தகைய ஆட்டங்களுள் 2009 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் கலிபோர்ணியாவிலுள்ள ரயட் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட லீக் ஒவ் லெஜண்ட்ஸ் என்பது பெரும் பெயர் பெற்றது. அதன் பேச்சுக்களத்தின் கடுமையும் அதனோடொத்த பெயரைப் பெற்றது. ஆயின் இஃது ஓராட்டத்துக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவதூறெதிர்ப்புச் சங்கம் 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று, பலர் கூடி ஆடும் இணைய ஆட்டங்களில் ஈடுபடும் வயதுவந்தோருள் நூற்றுக்கு 74 பேர் ஏதோவொருவகைத் தொல்லைக்கு ஆளாகியிருந்தனர் எனக் கண்டது. அதே ஆய்வில் நூற்றுக்கு 88 பேர் நட்பு முதலாய நன்மைகளைத் தாம் பெற்றதாகவும் கூறினர். இரு தொகைகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். கேடு மிகுதியென்று கண்டு பேச்சையே அகற்றிவிடின், நன்மையும் உடன் அகலும்.

இக்கேட்டுக்கு ஆட்ட நிறுவனங்கள் அமைத்த பரிகாரங்கள் பலவாயினும் அவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, ஆட்டக்காரர் றிப்போர்ட் என வழங்கும் முறையீடு; மற்றொன்று மியூட் எனப்படுவது. இவற்றுள் மியூட் என்னும் ஆங்கிலச் சொல் தம்முள் மாறுபட்ட இரு செயல்களுக்குப் பொதுவாய் நின்று மயக்கம் விளைக்கின்றது. ஒருவனுடைய பேச்சைக் கேட்க விரும்பாத மற்றொருவன் தன் திரையில் ஒரு பொறியை அழுத்தி, அப்பேச்சு தன்னை எட்டாதவாறு செய்தல் ஒருவகை. பேசியவன் தொடர்ந்து பேசுகின்றான், ஏனையோர் கேட்கின்றனர், இவன் மட்டும் கேட்பதில்லை. நிறுவனமே பேசியவன்மீது தடைவிதித்து, அவன் சொல் எவரையும் எட்டாதவாறு செய்தல் மற்றொருவகை. முன்னதைச் செவியடைப்பு என்றும் பின்னதை வாயடைப்பு என்றும் தமிழிற் பிரித்து வழங்கின் மயக்கம் தீரும். பேச்சுரிமை பற்றி ஆட்டக்காரரிடையே எழும் வழக்குகளிற் பெரும்பகுதி இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டமையால் எழுந்தனவே. தன் செவியை அடைத்துக்கொள்பவன் எவருடைய உரிமையையும் பறித்தானல்லன். பேசும் உரிமை, விரும்பாதவனைக் கேட்கச் செய்யும் உரிமையை உள்ளடக்கியதன்று. வாயடைப்போ, குற்றம் யாது, சான்று யாது, தீர்த்தவர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடைகூறிய பின்னரே தகுதி பெறுவது.

இவ்வாறு பிரித்தபின், செவியடைப்பு ஒன்றே போதுமன்றோ என வினவலாம். கேட்க விரும்பாதவன் அடைத்துக்கொள்ளட்டும். எவரையும் தண்டிக்க வேண்டுவதில்லை என வாதிப்போர் இன்றும் பலர் உளர். இவ்வாதம் புதியதன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இது முழுமையாக ஆராயப்பட்டு, ஒரு சமுதாயத்தையே இரண்டுபடுத்திய வரலாறு உண்டு.

பலர் ஒருங்கு புகுந்து ஆடும் கணினி உலகங்களுள் முன்னோடியான ஒன்று, இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978 ஆம் ஆண்டு றோய் ட்றப்ஷோ என்னும் மாணவர் தொடங்கி, றிச்சட் பாட்டில் வளர்த்த மட் என்பதாகும். அதிற் படங்கள் இல்லை. இடங்களும் செயல்களும் எல்லாம் எழுத்தாலேயே அமைந்தவை. அதன் வழித்தோன்றல்களுள் ஒன்று, கலிபோர்ணியாவிலுள்ள செறொக்ஸ் நிறுவன ஆய்வுநிலையத்தில் பவெல் கேர்ட்டிஸ் 1990 ஆம் ஆண்டு தொடங்கிய லாம்ப்டாமூ. இது வெற்றி தோல்வியுள்ள ஆட்டமாக அன்றி, ஒரு பெருமனையில் பலரும் கூடி உரையாடும் களமாகவே விளங்கியது. அதன் நிரல்களை ஆளும் அதிகாரம் பெற்றோர் மாயவித்தகர் எனப்பட்டனர். 1992 ஆம் ஆண்டின் இறுதியில், குடிகளின் பூசல்களைத் தீர்ப்பது தம் தொழிலன்று, பொறியைப் பழுதின்றிக் காப்பதே தம் தொழில் என அவர்கள் அறிவித்து ஒதுங்கிக்கொண்டனர்.

அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஓரிரவு, பங்கிள் என்னும் புனைபெயரோடு உலவிய ஒருவன், பலர் கூடியிருந்த கூடத்திற் புகுந்து, சூனியப்பாவை எனப்பட்ட ஒரு சிறு நிரலைக்கொண்டு ஏனையோரின் பாத்திரங்கள் இழிந்த செயல்களைச் செய்தனவாக எழுத்தில் தோன்றச் செய்தான். அவன் அவர்களைப் பழித்தானல்லன். அதனினுங் கொடிதாக, அவர்கள் செய்யாதவற்றை அவர்கள் பெயரிலேயே அவையறியச் செய்தான். இந்நிகழ்ச்சியை ஜூலியன் டிபெல் என்னும் எழுத்தாளர் அவ்வாண்டு டிசெம்பரில் நியூயோர்க்கின் வில்லேஜ் வொய்ஸ் பத்திரிகையில் விரித்தெழுதினார். இணைய வாழ்வின் ஒழுக்கம்பற்றிய ஆராய்ச்சிக்கு அக்கட்டுரை ஒரு தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது.

செவியடைப்பு அக்காலத்திலேயே அவ்வுலகில் இருந்தது. காக் என்னும் கட்டளையை இட்டவர்க்குக் குறித்த ஒருவனின் சொற்கள் தோன்றா. ஆகவே, பாதிக்கப்பட்டோர் அக்கட்டளையை இட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று ஒருசாரார் கூறினர். ஏனையோர் தந்த விடை கருதற்பாலது. கண்ணை மூடிக்கொண்டவளுக்குத் தன் பெயரால் நிகழ்த்தப்படும் இழிவு தோன்றாதேயன்றி, கூடத்திலிருந்த ஏனையோர்க்கு அது தோன்றிக்கொண்டேயிருக்கும். இழிவுபடுத்தப்பட்டது அவள் செவியன்று. அவையில் அவளுக்கிருந்த நிலை. செவியடைப்பால் தீரும் கேடும் தீராக் கேடும் இருவேறு என்பது அன்றே புலனாயிற்று.

பின் நிகழ்ந்தவை இன்னும் பயன் தருவன. பங்கிளை அவ்வுலகினின்றும் நீக்கவேண்டும் எனப் பலர் கோரினர். மூன்று நாட்களின் பின் கூட்டம் ஒன்று கூடி, நெடுநேரம் வாதிட்டு, முடிவெதுவும் காணாமற் கலைந்தது. அதன்பின் மாயவித்தகருள் ஒருவர் எவரையும் உசாவாமல், தாமே அப்பாத்திரத்தை அழித்துவிட்டார். பயணத்தினின்றும் மீண்ட கேர்ட்டிஸ், தனியொருவர் தீர்ப்பு இனி வேண்டாமெனக் கருதி, குடிகளே மனுக்கொடுத்து வாக்களித்து முடிவு செய்யும் முறையொன்றை வகுத்தார். அம்முறை சில ஆண்டுகள் நிலவியது. முடிவில்லாத வழக்குகளால் அனைவரும் சலித்தனர். 1996 ஆம் ஆண்டு மாயவித்தகர் மீண்டும் ஓர் அறிவித்தல் விடுத்து, சமுதாய அலுவல்களில் தாம் தலையிடுவதில்லை என்னும் நிலையைக் கைவிட்டனர். பொறியைக் காப்பதும் அதிலுள்ளாரை ஆள்வதும் பிரிக்கமுடியாதன என்பது அவர்கள் கண்ட முடிவு. பங்கிளை இயக்கியவன் வேறொரு பெயரோடு திரும்பி வந்து உலவினான் எனவும் டிபெல் குறிப்பிட்டுள்ளார்.

இவ்விடத்திற் சட்டத்தின் நிலையையும் நோக்குதல் தகும். வாயடைக்கப்பட்ட ஆட்டக்காரர் பலர், அமெரிக்க அரசியல் யாப்பின் முதலாந் திருத்தம் தமக்களித்த பேச்சுரிமை மீறப்பட்டதாக முறையிடுவர். அத்திருத்தம் அரசைத் தடுப்பதேயன்றித் தனியார் நிறுவனத்தைத் தடுப்பதன்று. இதற்கு விலக்காக ஒரு தீர்ப்பு உண்டு. அலபாமா மாநிலத்திற் சிக்கசோ என்னும் சிற்றூர் முழுவதும் ஒரு கப்பற்கட்டும் நிறுவனத்துக்கு உடைமையாயிருந்தது. அதன் நடைபாதையிற் சமயத் துண்டுப்பிரசுரங்களை வழங்கிய ஒரு பெண் அத்துமீறினார் எனத் தண்டிக்கப்பட்டார். 1946 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், ஓர் ஊருக்குரிய தொழில்களையெல்லாம் மேற்கொண்டு நடத்தும் உடைமையாளர் அவ்வூர்த் தெருவிற் பேச்சுரிமையை மறுத்தல் ஆகாது எனத் தீர்த்தது. இத்தீர்ப்பைத் துணைக்கொண்டு, பிளேஸ்டேசன் வலையமைப்பினின்றும் நீக்கப்பட்ட ஓர் ஆட்டக்காரர் சோனி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 2009 ஆம் ஆண்டு கலிபோர்ணிய சமஷ்டி நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று. அவ்வலையமைப்பு ஊராட்சியின் தொழில்களைச் செய்வதன்று. உடன்படிக்கைக்குட்பட்டு மக்கள் கூடும் ஒரு களமே என்பது நீதிமன்றின் கருத்து.

சட்டத்தளவில் வினா இத்துடன் முடிந்ததெனலாம். ஒழுக்கத்தளவில் முடியவில்லை. உடைமையாளர் தம் களத்தில் எதனையும் அடக்கலாம் என்று விட்டுவிடின் யாது நிகழும் என்பதற்கு உதாரணங்கள் உள. 2006 ஆம் ஆண்டு வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட் என்னும் ஆட்டத்தில், தன்பாற் காதலரை வரவேற்கும் குழுவொன்றுக்கு ஆள்சேர்க்கும் அறிவித்தலை வெளியிட்ட ஒருவரைப் பிளிசாட் நிறுவனம் எச்சரித்தது. அவ்வறிவித்தல் பிறரின் ஏளனத்தைத் தூண்டக்கூடும் என்பதே கூறப்பட்ட காரணம். ஏளனஞ் செய்யக்கூடியவரை விடுத்து ஏளனத்துக்கு ஆளாகக்கூடியவரை அடக்கிய இந்த நியாயம் எதிர்ப்பைக் கிளப்பவே, நிறுவனம் வருத்தம் தெரிவித்து எச்சரிக்கையை மீட்டுக்கொண்டது. 2020 ஆம் ஆண்டு சீன நிறுவனமொன்று வெளியிட்ட கென்ஷின் இம்பாக்ட் ஆட்டத்தில், ஆங்கிலத்தில் உரையாடுவோர் தைவான், ஹொங்கொங் என்னும் பெயர்களை எழுதியபோது அவை மறைகுறிகளாக மாறித் தோன்றின. வசைச்சொல்லைத் தடுக்க அமைத்த வடிகட்டி நாட்டுப்பெயரைத் தடுக்கவும் வல்லது. 2019 ஒக்டோபரில் ஹார்த்ஸ்டோன் ஆட்டப் போட்டியொன்றன் இறுதியில் நேர்காணலின்போது ஹொங்கொங் கிளர்ச்சியின் முழக்கத்தைக் கூறிய அந்நகரத்து வீரரைப் பிளிசாட் ஓராண்டுக்கு விலக்கிப் பரிசுப்பணத்தையும் நிறுத்தியது. இஃது ஆட்டத்தினுள் நிகழ்ந்த உரையாடலன்றாயினும், தண்டிக்கும் கை ஒன்றே. எதிர்ப்பு மிகுந்தமையால் விலக்கு ஆறு மாதமாகக் குறைந்தது, பரிசும் அளிக்கப்பட்டது.

இனி முறையீட்டை நோக்குவாம். ஆட்டம் முடிந்ததும் தொல்லை தந்தவன் பெயரைத் தெரிந்து, குற்றத்தின் வகையைக் குறித்து அனுப்புவதே முறையீடு. அதனை எவர் விசாரிப்பது என்பதே வினா. ரயட் நிறுவனம் 2011 ஆம் ஆண்டு இதற்கு ஓர் அரிய முயற்சி செய்தது. நியாயசபை என்னும் பொருள்பட ட்றிபியூனல் எனப் பெயரிட்டு, ஆட்டக்காரரையே நடுவராக்கியது. ஒருவன்மீது முறையீடுகள் திரண்டதும், அவன் ஆடிய ஆட்டங்களின் உரையாடல் எழுத்துப்பதிவு நடுவர் முன் வைக்கப்படும். தண்டிக்க, மன்னிக்க என இரண்டே விடைகள். முதலிற் பெரும்பான்மையோடு ஒத்த வாக்களித்தோர்க்கு ஆட்டத்திற் பயன்படும் சிறு வெகுமதி வழங்கப்பட்டது. நடுவன் தன் மனச்சான்றை நாடாது பெரும்பான்மை எப்பக்கம் சாயும் என்று ஊகிக்கத் தூண்டும் ஏற்பாடு இது; பின்னர் நீக்கப்பட்டமை நன்று. குறையிருப்பினும், நியாயசபையின் சிறப்பு ஒன்றை மறுத்தலாகாது. இன்ன சொல் இவ்வவைக்குத் தகும், இன்ன சொல் தகாது என்பதை அவையோரே படித்துப் பார்த்துத் தீர்த்தனர். வழக்குகள் முடிவதற்கு நெடுங்காலம் சென்றமையால் 2014 ஆம் ஆண்டு அது நிறுத்தப்பட்டது, மீண்டும் வரவில்லை. அடுத்த ஆண்டு அதனிடத்தைத் தானியங்கி முறையொன்று பெற்றது. முறையீடு உண்மையெனின், ஆட்டம் முடிந்து ஏறத்தாழப் பதினைந்து நிமிடத்துள் குற்றவாளிக்குத் தண்டமும் அவன் எழுதியவற்றின் பிரதியும் போய்ச் சேரும் என அறிவிக்கப்பட்டது.

நரம்பியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற ஜெப்ரி லின் என்பவர் அந்நிறுவனத்தில் ஆட்டக்காரரின் நடத்தையை ஆராயும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அக்குழுவினர் கண்டவற்றுள் ஒன்று பலரும் எதிர்பாராதது. ஓயாது வசைமொழிவோராகிய ஒரு சிறு கூட்டத்தாரே எல்லாக் கேட்டுக்கும் காரணர் என்றே அதுவரை நம்பப்பட்டது. தொகுத்துப் பார்த்தபோது, அத்தகையோரால் விளைந்தது தீயபேச்சில் நூற்றுக்கு 13 பங்கு அளவே. எஞ்சிய 87 பங்கும், பெரும்பாலான வேளைகளில் நன்றாகவே ஒழுகி, எப்பொழுதோ ஒருநாள் நிதானமிழந்தவர்களிடமிருந்து வந்தது. வேலையிற் சலித்து வந்த ஒருவன், பரீட்சையிற் தவறிய ஒருவன், முந்திய ஆட்டத்திற் பிறரால் ஏசப்பட்ட ஒருவன் என இத்தகையோரை உருவகித்துக் கொள்ளலாம். தீயோரைத் தேடி விலக்கினாற் களம் தூய்மையாகும் என்னும் கொள்கை இத்தொகையின் முன் நில்லாது. தண்டிக்கப்பட்டவனுக்கு அவனுடைய சொற்களையே சான்றாகக் காட்டியபோது, காரணங் காட்டாது தண்டித்தபோதிலும் பார்க்கத் திருந்தினோர் தொகை மிக்கிருந்தது என்பதும் அக்குழுவினர் கண்டதே.

அவர்கள் செய்த வேறொரு பரிசோதனை செவியடைப்புப் பற்றியது. எதிரணியோடு உரையாடும் வாயிலை நீக்காமல், தொடக்கத்தில் மூடிய நிலையில் வைத்தனர். வேண்டியவர் ஒருமுறை சென்று திறந்துகொள்ளலாம். மாற்றத்துக்கு முந்திய வாரத்தையும் பிந்திய வாரத்தையும் ஒப்பிட்டபோது, உரையாடலின் அளவு ஏறத்தாழ முன்போலவே இருந்தது. தீயபேச்சு நூற்றுக்கு 30 பங்குக்கு மேலாகக் குறைந்தது. நற்பேச்சு ஏறத்தாழ 35 பங்கு கூடியது. எவர் வாயும் அடைக்கப்படவில்லை, எவரும் தண்டிக்கப்படவில்லை. கதவு திறந்திருந்ததா சாத்தியிருந்ததா என்பது ஒன்றே வேறுபாடு. 2021 ஒக்டோபரில் அந்நிறுவனம் எதிரணியோடான உரையாடலை ஒரு காலத்துக்கு முற்றாகவே நிறுத்தியபோது கூறிய காரணமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தன் அணிக்குள் நிகழும் பேச்சிலும் வசை உண்டு. ஆயின் அங்கு அணியினர் கலந்து செயற்படும் பயன் அதனினும் பெரிது என்றனர்.

முறையீட்டுக்கு ஒரு நிழலும் உண்டு. தோல்வியுற்ற அணியினர் நால்வர் சேர்ந்து, வசையேதும் கூறாத ஐந்தாமவனை, அவன் சரியாக ஆடவில்லை என்பதற்காகவே வசைமொழிந்தான் என முறையிடுதல் நிகழாததன்று. "றிப்போர்ட் பண்ணுவேன்" என்பதுவே களத்தில் ஓர் அச்சுறுத்தலாகிவிட்டது. ஆகவே முறையீட்டின் தொகையை மட்டும் எண்ணித் தண்டித்தல், பெரும்பான்மைக்குக் கோலைக் கையளிப்பதாகும். வால்வ் நிறுவனம் 2020 பெப்ரவரியிற் கவுண்டர்ஸ்றைக் ஆட்டத்துக்கு வகுத்த ஏற்பாடு இவ்விடர்ப்பாட்டை நுட்பமாகக் கடக்கின்றது. பிறரினும் மிகுதியாக முறையிடப்படும் ஒருவன் முதலில் எச்சரிக்கப்படுவான். மேலும் தொடரின், அவன் பேச்சு ஏனையோர்க்குத் தொடக்கத்தில் அடைக்கப்பட்டிருக்கும். விரும்பிய எவரும் அவ்வடைப்பைத் தம்மளவில் நீக்கி அவனைக் கேட்கலாம். பின்னர் ஆடித் தேறி அந்நிலையினின்றும் அவன் மீளவும் வழி உண்டு. கூட்டாகச் சூழ்ந்து பொய்ம்முறையீடு செய்தாலும், அவனைக் கேட்க விரும்புவோரின் செவியை முறையிட்டோர் பறிக்க இயலாது. வாயடைப்பின் பயனைச் செவியடைப்பின் வழியாகவே பெற முயன்ற இதுவே இதுவரை வகுக்கப்பட்டவற்றுள் நியாயத்துக்கு மிக அணித்தாய் நிற்பது எனலாம்.

முறையீட்டுக்காகக் காத்திராது, சொல்லையே தடுக்கும் வடிகட்டி முறை மூன்றாவது. அவையிற் கூறத்தகாத சொல்லை அவையல்கிளவி என்றும், அதனை மறைத்து வேறு வாய்பாட்டாற் கூறுதலை இடக்கரடக்கல் என்றும் தமிழிலக்கணிகள் வழங்கினர். இடக்கரடக்குபவன் பேசுவோன் தானே. வடிகட்டியில் அத்தொழிலைப் பொறி மேற்கொள்கின்றது. பொறிக்குச் சொல் தெரியுமேயன்றிப் பொருள் தெரியாது. 1996 ஆம் ஆண்டு அமெரிக்கா ஒன்லைன் நிறுவனத்தின் வடிகட்டி, இங்கிலாந்திலுள்ள ஸ்கன்தோர்ப் என்னும் ஊரின் பெயருக்குள் ஓர் இடக்கர்ச்சொல் எழுத்தளவில் அடங்கியிருந்தமையால், அவ்வூரார் தம் முகவரியைப் பதியவொட்டாது தடுத்தது. எதிர்மாறாக, எழுத்திற் குற்றமற்ற சொல் வசையாகப் பயன்படுதலைப் பொறி காணாது. ஹார்த்ஸ்டோன் ஆட்டத்தில் எதிரியோடு தாராளமாக எழுதியுரையாட இடமே இல்லை. வணக்கம், நன்றி, நன்றாக ஆடினாய் என்றாற்போல முன்னரே வகுத்த சில தொடர்களே உண்டு. அவற்றுள் "மன்னிக்க" என்பதைச் சொல்வோர் பெரும்பாலும் எதிரியின் கேட்டைக் கண்டு நகைப்பதற்கே அதனைக் கையாண்டனர். 2016 ஆம் ஆண்டு அதனை நீக்கி, வியப்புச்சொல் ஒன்றை வைத்தனர். அதனையும் ஏளனத்துக்கே பயன்படுத்தினர். சிறுவர்க்கென டிஸ்னி நிறுவனம் 2003 ஆம் ஆண்டு வெளியிட்ட டூன்டவுன் ஆட்டத்திலும் இத்தகைய ஆயத்தத் தொடர்களே பொதுவழக்காயிருந்தன. மெய்யுலகில் ஒருவர்க்கொருவர் இரகசியக் குறியீட்டெண்ணைக் கொடுத்து அறிமுகமானோர் மட்டுமே தாராளமாக எழுதக்கூடியதாயிருந்தது. சிறுவர்கள் ஆட்டத்திலுள்ள தம் வீட்டுத் தளபாடங்களை எண்வடிவில் அடுக்கி, அக்குறியீட்டெண்ணை அறியாதவர்க்கும் தெரிவித்துவிட்டனர்.

வடிகட்டியின் எல்லைக்கு மேலுமொரு உதாரணம் சொல்லத்தக்கது. பிளிசாட் நிறுவனம் 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட ஓவர்வோச் ஆட்டத்தில், வென்றவர் தோற்றவரை நோக்கி, "எளிதாக முடிந்தது" எனப் பொருள்படும் குறுந்தொடரை எழுதுவது வழக்கமாயிற்று. நிறுவனம் அதனைத் தடுக்கவில்லை. எழுதியவர் தம்மையே சிறுபிள்ளையாக இகழ்ந்துரைக்கும் வேறு வாக்கியங்களாக அதனை மாற்றி, அவர் பெயரிலேயே தோன்றச் செய்தது. பலர் நகைத்து வரவேற்றனர். அடக்குதலிலும் இது மென்மையானது போலத் தோன்றும். எனினும், லாம்ப்டாமூவில் நிகழ்ந்ததோடு இதனை ஒப்பிடின் ஒரு தயக்கம் பிறக்கின்றது. ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாக அவையில் நிறுத்துதல் இரண்டிற்கும் பொது. நோக்கமும் கொடுமையின் அளவும் வேறு என்பது உண்மையே, சூனியப்பாவை ஒன்றே.

எழுத்தினின்றும் குரலுக்கு வரும்போது சிக்கல் மிகுகின்றது. எழுத்து எஞ்சும்; குரல் காற்றோடு போம். குரலோ, பேசுவோன் மறைக்க விரும்புவனவற்றையும் வெளிப்படுத்தும். ஒகையோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் நடத்தி, 2013 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், ஹேலோ 3 என்னும் ஆட்டத்திற் குற்றமற்ற சில தொடர்களை முன்னரே பதிந்து, ஆண்குரலிலும் பெண்குரலிலும் ஒலிக்கச் செய்தனர். சொல் ஒன்றே, குரலே வேறு. பெண்குரலுக்கு ஆண்குரலிலும் மும்மடங்கு எதிர்ப்பேச்சு வந்தது. இந்நிலையிற் பெண்களுக்கு எஞ்சும் எளிய காப்பு, தம் ஒலிவாங்கியைத் தாமே அணைத்துவிடுதல். எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. எந்த விதியும் அவர்கள் வாயை அடைக்கவில்லை. ஆயினும் களத்தில் அவர்கள் குரல் இல்லை. பேச்சுரிமையைக் காக்க வேண்டுவோர் தண்டிக்கப்பட்டவனின் மௌனத்தை மட்டும் எண்ணி, இம்மௌனத்தை எண்ணாது விடுவராயின் அவர்தம் கணக்குப் பிழைக்கும்.

குரலுக்குச் சான்று தேடும் முயற்சிகள் அண்மைக் காலத்தின. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2023 ஆம் ஆண்டு, தொல்லைக்குள்ளானவர் தம் ஆட்டத்தின் 60 விநாடிப் பதிவை எடுத்து முறையீட்டோடு அனுப்பும் வசதியை அளித்தது. அதே ஆண்டு அது வகுத்த தண்டமுறையில், குற்றத்தின் அளவுக்கேற்பப் புள்ளிகள் சேரும். எட்டுப் புள்ளி சேர்ந்தவன் ஓராண்டுக்குப் பிறரோடு உரையாடும் வசதிகளை இழப்பான். ரயட் நிறுவனம் வலொரன்ட் ஆட்டத்தில் 2022 ஜூலை முதல் வட அமெரிக்காவின் ஆங்கிலக் குரலுரையாடலைப் பதிந்து, வசையை இனங்காணப் பொறியைப் பழக்கத் தொடங்கியது. கோல் ஒவ் டியூட்டி ஆட்டத்தில் 2023 ஓகஸ்ட் இறுதியிலிருந்து ஒரு பொறி குரலைச் செவிமடுத்துக் குறித்துக்கொடுக்கின்றது. தண்டிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. இவற்றுள் முதலாவதில், சான்று திரட்டும் சுமை பாதிக்கப்பட்டவர் மேலது. ஏனையவற்றில் அச்சுமை நீங்குகின்றது. பதிலாக, குற்றமற்ற இலட்சக்கணக்கானோரின் பேச்சும் ஒரு செவிக்கு உட்படுகின்றது. வசைக்கு அஞ்சி வாய்மூடுவோரைப் போலவே, கேட்கப்படுகிறோம் என்றஞ்சி வாய்மூடுவோரும் இருப்பர்.

ஐரோப்பாவில் 2024 பெப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிற்றல் சேவைகள் சட்டம், பயனாளர் இட்டவற்றைச் சேமித்து வைக்கும் சேவைகள் ஒருவரைத் தடைசெய்யுங்கால் அதற்குரிய காரணத்தை அவருக்குத் தெளிவாகக் கூறவேண்டும் என விதிக்கின்றது. சிறு நிறுவனங்கள் நடத்துவன அல்லாத மேடைகள் மேன்முறையீட்டுக்கு வழியமைத்தல் வேண்டும். அடிப்படையற்ற முறையீடுகளை அடிக்கடி செய்வோரின் முறையீடுகளைச் சிலகாலம் ஏற்காது விடவேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. அமெரிக்காவில் 2022 டிசெம்பரிற் போர்ட்நைட் ஆட்டத்தை நடத்தும் எபிக் நிறுவனத்தோடு செய்துகொள்ளப்பட்ட இணக்கம், சிறுவர்க்கும் பதின்வயதினர்க்கும் எழுத்து, குரல் வாயில்கள் தொடக்கத்தில் மூடியே இருத்தல் வேண்டும் என்றது. ஒரு சட்டம் வாயடைப்பவனைக் காரணங் கூறவைக்கின்றது. மற்ற இணக்கம் கதவின் தொடக்கநிலையைத் தீர்க்கின்றது.

சட்டம் தொடாத ஒரு மூலை எஞ்சுகின்றது. லீக் ஒவ் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் எழுத்தை முற்றாக அடைத்துக்கொண்டோர்க்கும் உதவும்பொருட்டு, நிலப்படத்தின்மீது குறியிட்டு ஒலியெழுப்பும் வசதி உண்டு. அவற்றுட் கேள்விக்குறி வடிவிலான ஒன்று, பகைவனைக் காணவில்லை, எச்சரிக்கையாயிரு என்று தோழர்க்கு அறிவிப்பதற்காக ஏற்பட்டது. காலப்போக்கில், தோழனொருவன் வீழ்ந்துபட்ட இடத்தின்மேல் அக்குறியை மீண்டும் மீண்டும் இட்டு, "என்ன ஆட்டம் இது" என ஏளனஞ் செய்யும் வழக்கம் தோன்றிற்று. ஆகவே ஒருவனுடைய குறிகளையும் அடைத்துக்கொள்ளும் பொறி அமைக்கப்பட்டது. அதனை அழுத்தியவனுக்கு அத்தோழனின் ஏளனம் தோன்றாது. புதர்மறைவிற் பகைவன் பதுங்கியிருக்கிறான் என்று அவனே பின்னர் மெய்யாக எச்சரிக்கும்போது, அதுவும் தோன்றாது.